ஒரு நடுவர் இரண்டாமிடம், இன்னொருவர் எட்டாமிடம்: ஐரிஷ் நடனப் போட்டியின் மதிப்பெண் முறை புரியவில்லை

டப்ளின்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஏழு வயதில், பள்ளித் தோழி ஒருத்தியோடு விளையாட்டாகப் போய் ஐரிஷ் நடன வகுப்பில் சேர்ந்தாள். இப்போது அவளுக்குப் பத்து வயது. வாரத்தில் நான்கு நாள் வகுப்பும் பயிற்சியுமாகக் கழிகிறது. கடந்த ஞாயிற்றுக்கிழமை லென்ஸ்டர் பகுதியில் நடந்த ஒரு ஃபெஷ்ஷில், அதாவது இங்கே ஊருக்கு ஊர் நடக்கும் நடனப் போட்டி விழாவில், 11 வயதுக்குட்பட்ட சிறுமியர் சாம்பியன்ஷிப்பில் ஆடினாள்.

மேடையில் ஒரே நேரத்தில் இரண்டு சிறுமியர் ஆடுவார்கள். தனிநடனப் போட்டிதான், இருவருக்கும் ஒருவருக்கொருவர் தொடர்பில்லை, இசை மட்டும் பொது. ஒரு அக்கார்டியனும் ஒரு கீபோர்டும் எட்டு அளவு முன்னிசை வாசிக்கும்வரை வலது காலை நீட்டி நுனியை ஊன்றி, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். ஸ்லிப் ஜிக் என்ற மெல்லிய செருப்பு நடனத்தின் முதற்பகுதி அழகாகவே போயிற்று. ஒவ்வொரு அடவையும் முதலில் வலது காலில் ஆடிவிட்டு, அதையே இடது காலில் திருப்பி ஆட வேண்டும் என்பது இந்த நடனத்தின் விதி. அந்தத் திருப்பத்தில், மேடையின் மூலைக்குப் பாய்ந்து இறங்கும்போது அவள் கால் வழுக்கியது. விழவில்லை. ஆனால் இடது கை ஒரு கணம் உடம்பை விட்டு விலகி மீண்டும் ஒட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த மேடைப் பலகை கண்ணாடி போலப் பளபளத்தது. அவளுக்கு முன்னால் ஆடியவர்களிலும் இருவர் தடுமாறினார்கள்.

மாலையில் மதிப்பெண் தாள் வந்தது. முதல் நடுவரிடம் இரண்டாமிடம், இரண்டாம் நடுவரிடம் எட்டாமிடம், மூன்றாம் நடுவரிடம் நான்காமிடம். மொத்தத்தில் 182 புள்ளிகளுடன் நான்காமிடம். மூன்று பேரும் பார்த்தது ஒரே ஆட்டத்தைத்தான். எட்டாமிடம் கொடுத்தவர் அந்த வழுக்கலுக்காகவே குறைத்தார் என்பது என் எண்ணம். போட்டியைப் படம்பிடிக்கத் தடை இருப்பதால் திரும்பப் பார்க்கவும் வழியில்லை. இந்த 182 எப்படி வந்தது, இம்முறை நியாயமானதுதானா என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மான்செஸ்டர் மழை:

குழந்தைக்கு என் பாராட்டுகள். வழுக்கிய பின்னும் தாளத்தை விடாமல் ஆடி முடித்திருக்கிறாள் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வழுக்கும் மேடையைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். புள்ளிக் கணக்கை நம் கார்க் அக்காதான் சொல்ல வேண்டும். அவர் மகள் பதினோரு ஆண்டுகளாக ஆடுகிறாள்.

கார்க் அம்மா:

வணக்கம். ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு சுற்றுக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் இடுகிறார். ஓசையெழுப்பும் கெட்டிச் செருப்பில் ஆடும் ஹார்டு ஷூ சுற்று, மெல்லிய செருப்பில் ஆடும் சாஃப்ட் ஷூ சுற்று, அவற்றைத் தாண்டியவர்களுக்கு செட் என்னும் தனிமெட்டு நடனம் என்று மூன்று சுற்றுகள். ஆனால் மூன்று நடுவர்களின் மதிப்பெண்களையும் நேரடியாகக் கூட்டிவிடுவதில்லை. ஒவ்வொரு நடுவரின் கூட்டுத்தொகையையும் தனியாக வரிசைப்படுத்தி, அந்த வரிசை எண்ணுக்கு உரிய புள்ளியைத் தருகிறார்கள். முதலிடத்துக்கு 100, இரண்டாமிடத்துக்கு 75, மூன்றாவதுக்கு 65, நான்காவதுக்கு 60, ஐந்தாவதுக்கு 56, ஆறாவதுக்கு 53, ஏழாவதுக்கு 50, எட்டாவதுக்கு 47, ஒன்பதாவதுக்கு 45, பத்தாவதுக்கு 43 என்று அது இறங்கிக்கொண்டே போகும். இருவர் முதலிடத்தைப் பகிர்ந்தால் நூறையும் எழுபத்தைந்தையும் கூட்டிப் பாதியாக்கி, ஆளுக்கு 87.5 தருவார்கள். உங்கள் மகளுக்கு 75, 47, 60, கூட்டினால் 182.

ஏன் இந்தச் சுற்று வழி என்றால், நடுவர்களின் கை ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவர் நல்ல ஆட்டத்துக்கு 86, சுமாரான ஆட்டத்துக்கு 80 என்று நெருக்கமாக இடுவார். இன்னொருவர் 85, 60 என்று அகலமாக விரிப்பார். நேரடியாகக் கூட்டினால், அகலமாக விரிப்பவரே மற்ற இருவரையும் விழுங்கிவிட்டுப் போட்டியைத் தனியாகத் தீர்மானித்துவிடுவார். வரிசை எண்ணாக மாற்றும்போது மூவருக்கும் ஒரே எடை கிடைக்கிறது. தாளில் மூல மதிப்பெண்களும் இருக்குமே, அவற்றையும் இங்கே இடுங்கள். எட்டாமிடம் எதனால் வந்தது என்பதை அதில்தான் தேட வேண்டும்.

கண்ணாடிக்காரன்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மருமகள் இரண்டு ஆண்டு ஆடிவிட்டு நிறுத்திவிட்டாள். அந்த அனுபவத்தில் கேட்கிறேன். சுருள்சுருளான பொய்முடி, கல் பதித்த விறைப்பான கவுன், கால் உறை நழுவாமலிருக்கக் காலில் தடவும் பசை, இவற்றுக்கு நடுவில் நடனம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தனிநடனக் கவுன் புதிதாகத் தைக்க ஆயிரம் யூரோவைத் தாண்டுகிறது. மேலும், 2022 அக்டோபரில் சில ஆசிரியர்களும் நடுவர்களும் தங்களுக்குள் செய்தி அனுப்பி இடங்களைப் பேரம் பேசினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து, விசாரணையை மேற்பார்வையிட ஓய்வுபெற்ற மேல்முறையீட்டு நீதிபதி ஒருவரையே அமர்த்த வேண்டியிருந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. இரண்டாமிடமும் எட்டாமிடமும் ஒரே ஆட்டத்துக்கு வரும்போது எனக்கு முதலில் அந்த நினைவுதான் வருகிறது.

டப்ளின்வாசி:

கவுன் விஷயத்தில் நான் உங்கள் கட்சிதான். நாங்கள் வாங்கியது வேறொரு குடும்பத்தின் மகள் வளர்ந்துவிட்டதால் விலைக்கு வந்த பழைய கவுன். இடுப்பில் இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்தோம். காலை ஆறரை மணிக்கு என் மனைவி அவள் முடியை உச்சியில் இறுக்கிக் கட்டி, அதன்மேல் பொய்முடியைப் பொருத்திப் பதினெட்டு ஊசி குத்தினார். ஒவ்வொரு ஊசிக்கும் குழந்தை கண்ணை மூடித் திறந்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. 10 வயதுக்குட்பட்ட பிரிவில் முக ஒப்பனைக்குத் தடை இருப்பதால் சென்ற ஆண்டுவரை அந்த ஒரு வேலையாவது மிச்சமாயிருந்தது.

ஆனால் இந்த நடுவர்களில் எவர்மீதும் எனக்குச் சந்தேகமில்லை. மூவரும் வெளியூர்க்காரர்கள், எங்கள் பள்ளியை அறியாதவர்கள். மூல மதிப்பெண்கள் இதோ. ஹார்ன்பைப், ஸ்லிப் ஜிக், செட் என்ற வரிசையில் முதல் நடுவர் 82, 86, 83 என்று 251 தந்திருக்கிறார். இரண்டாமவர் 71, 78, 70 என்று 219. மூன்றாமவர் 80, 79, 81 என்று 240. எங்களுக்கு அடுத்து ஐந்தாமிடத்தில் வந்த சிறுமிக்கு முறையே 243, 236, 238. அவள் இடங்கள் ஐந்து, நான்கு, ஐந்து. மூன்றாமிடம் பெற்ற சிறுமியின் இடங்கள் மூன்று, மூன்று, இரண்டு, புள்ளி 205.

தனி ஆவர்த்தனம்:

நான் மிருதங்கம் வாசிப்பவன். ஐரிஷ் நடனத்தைக் கேட்டுத்தான் பழக்கம், ஆடத் தெரியாது. ஸ்லிப் ஜிக் ஒன்பது எண்ணிக்கை என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது, நாலும் ஐந்துமாய்ப் பிரியும் நமது சங்கீர்ணம் போல இருக்கும் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்து ஏமாந்தேன். அது மூன்று மூன்றாய் எண்ணும் மூன்று தகிட; 'தகிட தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டே பார்த்தால் அந்தச் சிறுமியர் ஏன் தரையைத் தொடாதது போல மிதக்கிறார்கள் என்பது விளங்கும். மெல்லிய தோல் செருப்பில் ஆடும் அந்த நடனத்தில் காலடி கேட்கக் கூடாது. ஹார்ன்பைப்போ அதற்கு நேர் எதிர். முன்பக்கத்திலும் குதியிலும் ஃபைபர்கிளாஸ் வைத்த செருப்பு அங்கே ஒரு தாள வாத்தியம். போட்டிகளில் ஹார்ன்பைப்பை மெட்ரோனோமில் 113 என்ற வேகத்துக்கு இறக்கி வாசிப்பதே, அந்த நிதானத்துக்குள் நடனமாடுபவர் எத்தனை அடிகளைத் தெளிவாக நிரப்புகிறார் என்று பார்ப்பதற்குத்தான்.

ஆகவே ஒரு யோசனை. ஹார்டு ஷூ ஆட்டத்தை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பெற்றோர் கண்ணால் பார்க்கிறார்கள். நடுவர்களில் சிலர் காதால் பார்ப்பவர்கள்.

கார்க் அம்மா:

டப்ளின்வாசி, உங்கள் தாளைப் பார்த்ததும் கொஞ்சம் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு அநியாயம் செய்ததாக நீங்கள் எண்ணும் முறைதான் உங்கள் மகளை நான்காமிடத்தில் வைத்திருக்கிறது. மூல மதிப்பெண்களை நேரடியாகக் கூட்டிப் பாருங்கள். உங்கள் மகளுக்கு 251, 219, 240 சேர்ந்து 710. ஐந்தாமிடத்துச் சிறுமிக்கு 243, 236, 238 சேர்ந்து 717. நேர்க்கூட்டல் முறை இருந்திருந்தால் அவள்தான் மேலே நின்றிருப்பாள். இடங்களை மட்டும் கூட்டினாலும் இரண்டு, எட்டு, நான்கு என்று உங்களுக்குப் பதினான்கு. ஐந்து, நான்கு, ஐந்து என்று அவளுக்கும் பதினான்கு. சமநிலை. புள்ளி அட்டவணை வந்த பிறகுதான் உங்களுக்கு 182, அவளுக்கு 172. முதல் நடுவரின் இரண்டாமிடம் தந்த 75 உங்களைத் தூக்கிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. எட்டாமிடம் கொடுத்த நடுவர் ஸ்லிப் ஜிக்குக்குத் தந்தது 78. அவர் தாளில் உங்கள் மகளின் மூன்று மதிப்பெண்களில் அதுதான் மிக அதிகம். வழுக்கலுக்காகக் குறைத்திருந்தால் அது மிகக் குறைவாக அல்லவா இருந்திருக்கும்? அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து, பக்கத்தில் ஆடிய சிறுமி மறைத்ததால், வழுக்கியதே தெரியாமல் போயிருக்கலாம். தெரிந்திருந்தாலும், ஒரு நொடித் தடுமாற்றத்துக்காக முழு ஆட்டத்தையும் வெட்டிச் சாய்க்கும் நடுவர்கள் குறைவு. அவர்கள் தேடுவது வேறு: பாதம் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கிறதா, முழங்கால்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு நிற்கின்றனவா, குதிகால் உயர்ந்தே இருக்கிறதா, தோள் அசையாமல் இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாகத் தாளம் நிற்கிறதா. அவர் குறைத்தது ஹார்ன்பைப்பிலும் செட்டிலும், அதாவது இரண்டு ஹார்டு ஷூ சுற்றுகளில். தனி ஆவர்த்தனம் சொன்னதையே நானும் சொல்கிறேன், அங்கே தேடுங்கள்.

கண்ணாடிக்காரன்:

கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே அட்டவணையை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள் அக்கா. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையில் 25 புள்ளி. எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் வெறும் இரண்டு. ஒரு நடுவர் மட்டும் ஒரு சிறுமிக்கு முதலிடம் தந்து, மற்ற இருவரும் அவளுக்கு ஐந்தாமிடம் தந்தால் 100, 56, 56 என்று 212 வருகிறது. டப்ளின்வாசி சொன்ன மூன்றாமிடத்துச் சிறுமியின் 205ஐ அது தாண்டிவிடும். அவளையோ மூன்று நடுவர்களும் முதல் மூவருக்குள் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு நடுவரின் தாளில் முதலிடத்துச் சிறுமி மூல மதிப்பெண்ணில் அரை மதிப்பெண்தான் முந்தியிருந்தாலும் இதே 25 கூடுதலாகக் கிடைக்கும். அகலமாக விரிப்பவரின் கையைக் கட்டுவதற்காக வந்த முறை, முதலிடம் கொடுப்பவரின் கையில் அதைவிடப் பெரிய கோலைக் கொடுத்துவிட்டது. பேரம் பேச நினைப்பவருக்கு ஒரே ஒரு நடுவரின் ஒரே ஒரு 100 போதுமே.

கார்க் அம்மா:

இதில் உங்களை மறுக்க முடியவில்லை. நானும் பல ஆண்டு முடிவுப் பலகைக்கு முன்னால் நின்று இதை நினைத்து எரிச்சல்பட்டிருக்கிறேன். அட்டவணையை ஆதரிப்பவர்கள், ஒரு நடுவரை "இவள்தான்" என்று சொல்ல வைக்கும் ஆட்டம், மூவரையும் "பரவாயில்லை" என்று சொல்ல வைக்கும் ஆட்டத்தைவிட உயர்ந்தது என்பார்கள். அதிலும் பொருள் இருக்கிறது. ஆனால் மூன்று நடுவர்கள் மட்டும் அமரும் சிறிய ஃபெஷ்ஷில் ஒரு 100 மிகவும் கனமாகிவிடுகிறது என்பது உண்மைதான்.

ஒரு வார்த்தை வரலாறும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சச்சரவு இன்று தொடங்கியதல்ல. 1893இல் தொடங்கிய கேலிக் லீக், ஐரிஷ் மொழியோடு நடனத்தையும் மீட்டெடுக்கிறேன் என்று போட்டிகளை வளர்த்தது. அதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய் வீடுகளில் தங்கிச் சொல்லிக்கொடுத்த நடன வாத்தியார்கள் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி. போட்டிகள் பெருகப் பெருக எது சரியான ஆட்டம் என்ற தகராறும் பெருகி, ஆசிரியர்களையும் நடுவர்களையும் தேர்வு வைத்து முறைப்படுத்த 1930 வாக்கில் நடன ஆணையம் ஒன்று அமைந்தது. நாமெல்லாம் கொமிஷூன் என்று சொல்லும் அதே அமைப்புதான். 1969இல் ஒரு பகுதி ஆசிரியர்கள் பிரிந்து தனி அமைப்பு கண்டார்கள். 1970இல் டப்ளின் பார்னெல் சதுக்கத்தில் கொமிஷூன் நடத்திய முதல் உலகப் போட்டி இன்றுவரை தொடர்கிறது. 1975இல் சிகாகோவிலிருந்து வந்த மைக்கேல் பிளாட்லி அதில் வென்றார். அவரும் ஜீன் பட்லரும் 1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ஆடிய ஏழு நிமிடத்துக்குப் பிறகு உலகெங்கும் வகுப்புகள் நிரம்பி வழிந்தன. இந்த நடனத்தில் கை ஏன் அசைவதில்லை என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எதற்கும் ஆதாரமில்லை. மேற்கு அயர்லாந்தில் கொனமாராப் பக்கத்து ஷான்நோஸ் என்ற பழைய பாணி ஆட்டத்தில் கைகள் தாராளமாகவே அசைகின்றன.

மான்செஸ்டர் மழை:

மேடையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பளபளக்கும் பலகையில் புதிய தோல் அடியுள்ள சாஃப்ட் ஷூ வழுக்கத்தான் செய்யும். மேடை ஓரத்தில் ஈரத் துணி ஒன்றை வைத்து, ஏறும் முன் இரண்டு பாதத்தையும் அதில் ஒற்றி எடுப்பது எல்லாரும் செய்வது. ஈரம் அதிகமானால் தோல் ஊறி மேலும் வழுக்கும். ஹார்டு ஷூவின் நுனியில் துணி நாடா ஒட்டுவார்கள். ஆனால் அது ஓசையைச் சற்று மழுக்கும் என்பதால் எல்லா மேடைக்கும் ஒட்டாதீர்கள். பிரிவு தொடங்கும் முன் குழந்தையை வெறும் மேடையில் ஒருமுறை நடக்கவிடச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். அவள் தவறில்லாமல், மேடையில் கிடந்த பொருளாலோ, இசை நின்றதாலோ ஆட்டம் தடைப்பட்டால் மறுபடி ஆட நடுவர் அனுமதிக்கலாம். நின்றுவிடாமல் ஆடி முடித்த உங்கள் மகளுக்கு அந்தப் பேச்சே எழவில்லை.

டப்ளின்வாசி:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். செவ்வாயன்று மதிப்பெண் தாளுடன் வந்திருந்த நடுவர் குறிப்புகளை ஆசிரியை எங்களுக்குப் படித்துக் காட்டினார். இரண்டாம் நடுவர் ஸ்லிப் ஜிக்குக்கு எதிரே "நல்ல உயரம், நல்ல உடல் நிமிர்வு" என்று எழுதியிருக்கிறார்; வழுக்கியதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஹார்ன்பைப்புக்கு எதிரே "இடது காலில் அடி தெளிவில்லை" என்று இருந்தது. செட்டுக்கு எதிரே "மேலே சொன்னதே".

அன்று இரவு காரேஜில் கிடக்கும் ஒட்டுப்பலகைமேல் அவளை ஹார்ன்பைப் ஆடச் சொல்லி, கைபேசியில் ஒலியை மட்டும் பதிந்தேன். பிறகு நானும் அவளும் படிக்கட்டில் உட்கார்ந்து, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டோம். வலது காலில் 'டக டட், டக டட்' என்று மூன்று அடிகளும் தனித்தனியாக விழுகின்றன. அதே அடவு இடது காலுக்கு வரும்போது நடு அடி கரைந்து 'ட..டட்' என்று ஆகிவிடுகிறது. மூன்று ஆண்டாக அவள் ஆட்டத்தை வாரம் தவறாமல் பார்த்திருக்கிறேன். இது ஒருநாளும் என் கண்ணில் படவில்லை. இரண்டாம் முறை கேட்டு முடித்ததும் அவள், "அந்த நடுவருக்கு மட்டும் காது நல்லாக் கேக்குதுப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கட்டிக்கொண்டு மறுபடி பலகைமேல் ஏறிவிட்டாள். முக்கால் மணி நேரம் இடது காலை மட்டும் தட்டினாள்.

கார்க் அம்மா:

முக்கால் மணி நேரம் ஒரே காலிலா? அது அதிகம், பதினைந்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். காரேஜ் தரை கான்கிரீட்தானே, பலகையை அதன்மேல் நேரடியாகப் போட்டிருக்கிறீர்களா? அடியில் கெட்டியான நுரைப் பாய் ஒன்றை விரித்து அதன்மேல் பலகையைப் போடுங்கள். எலும்பு வளரும் வயதில் கான்கிரீட்டின் அதிர்ச்சி நேராகக் குதிகாலில்தான் இறங்கும். என் மகளுக்குப் பதினொரு வயதில் குதிகால் வலி வந்து இரண்டு மாதம் வகுப்பே இல்லாமல் போயிற்று. காலையில் எழுந்ததும் முதல் சில அடிகளை அவள் நொண்டி நடக்கிறாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டப்ளின்வாசி:

கான்கிரீட்மேல் நேராகத்தான் கிடக்கிறது. நுரைப் பாயை நாளைக்கே வாங்கிவிடுகிறேன் அக்கா.